தோ பாயோவில் ஓடிய கேசட்

காலை 6.40. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் என் கைப்பையைத் திறக்கச் சொன்ன பெண் அதிகாரி, உள்ளே இருந்த கேசட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருச்சியிலிருந்து நாலு மணி நேரமும் அதைத் தொலைத்துவிடலாமா என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அண்ணன் முருகேசு ஜூரோங் கப்பல் பட்டறையில் சேர்ந்த புதிதில், அம்மா அவருக்காகப் பேச, நான் பக்கத்தில் உட்கார்ந்து பதிந்த கேசட் அது. ஊருக்கு வந்திருந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பச் சொல்லி என்னிடம் தந்தார். எனக்குப் பதினாறு வயது; வானொலிப் பாட்டென்றால் பைத்தியம். வேறு கேசட் இல்லாததால் அம்மா பேச்சின் மேலேயே பாட்டைப் பதிந்தேன். அனுப்பிவிட்டதாகப் பொய்யும் சொன்னேன். நாலே மாதத்தில் அம்மா போய்விட்டார்.

பல வருடங்கள் கழித்து, போன மாதம் டிரங்குப் பெட்டியில் அது கிடைத்தது. கொடுத்தனுப்ப மறந்துவிட்டேன் என்று மட்டும் அண்ணனிடம் போனில் சொன்னேன். மறுநாளே டிக்கெட் அனுப்பினார்.

காலை 10.30. அண்ணன் வீடு இருக்கும் பிடோக் நார்த்திலிருந்து ரயிலில் லிட்டில் இந்தியா வந்தோம். தேக்கா சந்தையில் தேநீர் ஒரு வெள்ளி நாற்பது காசு; டாலரை இங்கே வெள்ளி என்கிறார்கள். அண்ணன் புதுச் சட்டை போட்டிருந்தார். ஒரு கடை வாசலில் பழைய பாட்டுக் கேசட்டுகளை அடுக்கியிருந்தார்கள். ஆசையாக நின்று பார்த்தார்.

அங்கிருந்து தோ பாயோவுக்கு டாக்சியில் ஐந்து கிலோமீட்டர், பன்னிரண்டு வெள்ளி. அண்ணனோடு பட்டறையில் வேலை செய்த அந்தோணியின் வீடு ஒன்பதாவது மாடியில். லிஃப்டில் "அண்ணே, ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினேன். கதவு திறந்துவிட்டது.

அந்தோணி தன் டேப் ரெக்கார்டரைத் துடைத்து வைத்திருந்தார். "டேப் ரொம்பப் பழசு லா. அறுந்தாலும் அறுந்துடும். ஓகேவா?"

அண்ணன் தலையாட்டினார். அறுந்துவிடட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

முதலில் இரைச்சல். பிறகு அம்மா.

"முருகேசு, நல்லா இருக்கியாப்பா? இங்க மழையே இல்ல. வாசுகிதான் பொத்தான அமுக்கிக்கிட்டு ஒக்காந்திருக்கா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்ப்பா..."

டக்கென்று ஒரு சத்தம். சினிமாப் பாட்டு.

"என்ன இது?" என்றார் அண்ணன்.

"நான்தாண்ணே அழிச்சேன். மறக்கல. வேணும்னேதான் அனுப்பல."

அந்தோணி பாட்டை நிறுத்திவிட்டு அடுக்களைப் பக்கம் போனார். அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மூச்சு விட்டிருப்பேன்.

"நீ பக்கத்துலதான இருந்த? அம்மா என்ன சொல்லுச்சு?"

பொய் சொல்ல அது நல்ல சமயம். இந்த முறை உண்மையைச் சொன்னேன். "ஒடம்பு முடியல, ஒருவாட்டி வந்துட்டுப் போன்னு சொல்லுச்சு. ரெண்டு தடவ."

அண்ணன் கேசட்டைத் தானே வெளியே எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு மூன்று நாள் பிடோக்கில் இருந்தேன். வேளைக்குச் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை.

நான்காம் நாள் மாலை 5.15. சாங்கியில் வழியனுப்ப வந்த அண்ணன், நான் உள்ளே நுழையப்போகும் நேரத்தில் கேட்டார்: "பேசுறப்ப அம்மா இருமுச்சா?"

"இருமுச்சுண்ணே."

தலையாட்டிவிட்டு ரயில் நிலையத்தை நோக்கி நடந்தார். ஊருக்குப் போனால் போன் வரும். ஒவ்வொன்றாகக் கேட்பார். அம்மா பேசிப் பதிந்த அன்று அந்த அறையில் இருந்தவர்களில் பதில் சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம். விமானத்தில் இருக்கைப் பட்டியைப் போட்டுக்கொள்ளச் சொன்னபோது, அம்மா அன்று சொன்னதை முதலிலிருந்து ஒவ்வொன்றாக நினைவுபடுத்திக்கொண்டிருந்தேன்.