தளபதி சட்டசபைக்கு எழுதிய பதில்

பிரெஞ்சுக் காகிதங்களைத் தமிழில் பெயர்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. போன வருஷம் ஓர் ஆய்வாளர் ஒரு கட்டு நகல்களைக் கொண்டுவந்து கொடுத்தார். வியட்நாம் பக்கம் நடந்த இந்தோசீனப் போரில் ஒரு பிரெஞ்சுத் தளபதிக்கும் அங்கிருந்த மாகாணச் சட்டசபைக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து. ஊர் ஊராகக் கொளுத்தியதை எழுதும்போதும் 'மதிப்புக்குரிய உறுப்பினர்களே' என்று தொடங்கி 'தங்கள் பணிவுள்ள' என்று முடித்திருந்தான் அந்தத் தளபதி. படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ராணுவப் பிரெஞ்சில் சந்தேகம் வந்தால் அப்பாவைத்தான் கேட்பேன். புதுச்சேரி சாரத்தில் என்னோடு இருந்தார், தொண்ணூறைத் தாண்டியவர். இளவயதில் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாயாக, கப்பலேறி அதே போரில் சண்டை போட்டவர். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்கு வருவார், ஆனால் உள்ளே வரமாட்டார். பூசை முடியும்வரை வாசலுக்கு வெளியே வெயிலில் நிற்பார். என் கல்யாணத்துக்கும் அப்படித்தான் நின்றார். சொல்தா திமிர் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அன்று காலை காபி குடித்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு கடிதத்தை வாசித்துக் காட்டினேன். ஓர் ஆற்றங்கரைக் கிராமத்தில் மாதா கோயிலுக்குள் இருந்தவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று சட்டசபை கேட்டிருந்தது. உள்ளேயிருந்து எதிரிகள் சுட்டார்கள், நாங்கள் திருப்பிச் சுட்டோம் என்று தளபதி பதில் எழுதியிருந்தான்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"உள்ளேர்ந்து யாரும் சுடல. பூசை நடந்துட்டு இருந்துது. கதவ வெளிய தாப்பா போட்டது நான்தான்."

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை. கூரையில் பெட்ரோல் ஊற்றியது, ஜன்னல் வழியாகக் குதித்தவர்களைத் தரையைத் தொடும் முன்பே சுட்டது, தலைமுடி பற்றியெரிய ஒருத்தி கைக்குழந்தையை வெளியே நீட்டியது, அதை வாங்க ஒருவரும் போகாதது, எல்லாம் சொன்னார். உள்ளே லத்தீனில் மாதா பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருந்தார்களாம். கதவை அறையும் சத்தம் அடங்கும்வரை அங்கேயே நின்றாராம்.

எனக்கு அவரைத் தொடவே கூசியது. இந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதானே சின்ன வயதில் நோணாங்குப்பத்தில் படகேறினேன் என்று நினைத்துக்கொள்வேன். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வேறு அறைக்குப் போய்விடுவேன். ஒருநாள் அவரே வாய் திறந்தார்.

"நான் செத்தா உள்ள கொண்டு போவாத. வாசல்லயே வச்சி மந்திரிச்சி அனுப்பிடு."

மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். வாசலிலேயே வைக்க வேண்டும் என்று சொந்தக்காரர்களிடமும் சொல்லி வைத்திருந்தார். பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் தயங்கி என் முகத்தைப் பார்த்தார்கள். உள்ளே கொண்டுபோகச் சொன்னேன். வெளியிலேயே விட்டால் அந்தத் தளபதியைப் போல இவரும் தப்பித்துக்கொள்வார். சட்டசபை கேட்ட கேள்விக்குப் பீடத்தின் முன்னால் கிடந்து பதில் சொல்லட்டும் என்று இருந்தது. ஆத்திரம்தான், அழுகையும்தான்.

பூசை தொடங்கியதும் சாரல் உள்ளே அடித்தது. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை எழுந்துபோய்ப் பெரிய கதவை இழுத்துச் சாத்தப் பார்த்தார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். யார் நனைந்தாலும் பரவாயில்லை, கதவு திறந்தே இருக்கட்டும் என்றேன்.