பிரேக் கட்டை விழுந்தது என் காலில்

என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். ஐந்தாவது வரைதான் படித்தேன். பிழைகளைச் சபையார் பொறுத்து வாசிக்க வேண்டும். நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் என் சாட்சியை, ஆண்டவர் எனக்குச் செய்ததை, எழுதுகிறேன்.

போன குளிர்காலத்தில் என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். டெல்லியில் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் யார்டில் நான் கலாசி, பாரம் தூக்கும் ஆள். பிரேக் கட்டையை மாற்றும்போது அந்த இரும்பு நழுவி இடது பாதத்தில் விழுந்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. டியூட்டியில் அடிபட்டால் விசாரணை வரும், எல்லாரையும் கூப்பிட்டுக் குடைவார்கள். அதற்குப் பயந்து வீட்டில் விழுந்ததாகச் சொல்லிவிடுவோம். அன்றும் எங்களை வேலை வாங்கும் மிஸ்திரி என் தோளைத் தட்டி, "கர் மே கிர் கயா, போல் தேனா பையா" என்றார், வீட்டில் விழுந்ததாகச் சொல்லிவிடு என்று. நானும் டாக்டரிடம் வீட்டுப் படியில் வழுக்கிவிட்டது என்றேன்.

கொஞ்ச நாளில் தேவராஜுக்குக் கைவிரல் நசுங்கியது. அவர் அரக்கோணத்துக்காரர், என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர், நம் சபைதான். அவர் இடத்தை விட்டு நகரவில்லை. தண்டவாளத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து, "சாப் வந்து பாக்கட்டும், அப்பதான் எழுந்திருப்பேன்" என்று கத்தினார். அதிகாரி வந்து பார்த்தார், அங்கே நின்றவர்கள் பெயரையும் எழுதினார். தேவராஜுக்கு முழுச் சம்பளத்தோடு லீவு. பிறகு ஸ்டோரில் உட்கார்ந்த வேலை.

எனக்கோ சொந்த லீவு தீர்ந்தது. எலும்பு சரியாகக் கூடவில்லை. பாரம் தூக்க லாயக்கில்லை, வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார்கள். நொண்டிக்கொண்டு யார்டுக்குப் போனால், தேவராஜ் வெயிலில் ஸ்டூல் போட்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பார். எனக்கு வயிறு எரியும். என் மனைவி எஸ்தர் வேறு, "அவருக்கு வாய் இருக்கு. உங்களுக்கும்தான் இருக்கு, சாப்பிட" என்றாள்.

முழங்காலில் நின்றால் ஜெபம் வரவில்லை. "ஆண்டவரே, அவனுக்கு விரல்தானே, எனக்குக் கால் அல்லவா" என்றுதான் வந்தது. அதையே அழுது சொன்னேன். என் வேலையைக் காப்பாற்றும் என்று கடைசியில் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் தேவராஜே வீட்டுக்கு வந்தார்.

"யோவ் சூசை, படியில வழுக்கினியாமே? உன் வூட்டுக்கு ஏதுய்யா படி?"

நான் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"கட்டை வுழுந்தப்ப பக்கத்துலதான நின்னேன். வா, சாப் கிட்ட சொல்லலாம். ஜல்தி கெளம்பு."

"பொய் சொல்லிட்டேனே, திட்டுவாங்க."

"திட்டட்டும். திட்டினா கால் இன்னும் வலிக்குமா?"

திட்டினார்கள். ஆனால் தேவராஜ் பார்த்ததைச் சொன்னார். மிஸ்திரியும் தலையைக் குனிந்துகொண்டு ஒத்துக்கொண்டார். டியூட்டியில் பட்ட அடி என்று எழுதினார்கள். என் வேலை தப்பியது. இப்போது விளக்கு அறையில் உட்கார்ந்து ரயில் விளக்குகளைத் துடைக்கிறேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனாலும், அந்த உதவி வேறு யார் கையிலாவது வந்திருக்கக் கூடாதா என்று அன்றைக்கே மனம் கேட்டது.

போன வாரம் கரோல் பாக் ஜெபக் கூட்டத்தில் தேவராஜ் இதையெல்லாம் தன் சாட்சியாகச் சொன்னார். எல்லாரும் ஆமென் என்றீர்கள். நன்றாகத்தான் சொன்னார். ஆனால் நசுங்கியது என் கால், அழுதது நான்.

ரயில்வே சகோதரர்களே, அடிபட்டால் இடத்தை விட்டு நகராதீர்கள். அதிகாரியை வரவழையுங்கள். யார் பார்த்தார்கள் என்று அப்போதே சொல்லுங்கள். டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். இப்போது யாருக்கு அடிபட்டாலும் நான் போய்ப் பக்கத்தில் நிற்கிறேன். குரல் நடுங்கினாலும் பார்த்ததைச் சொல்கிறேன். ஜெபமும் பண்ணுங்கள். நல்ல ஜெபம் வராவிட்டால் வருகிற ஜெபத்தைப் பண்ணுங்கள். என் எரிச்சலையும் கேட்டு, நான் யாரைப் பார்த்து எரிந்தேனோ அவரையே என் வாசலுக்கு அனுப்பினவர் உங்களையும் கைவிட மாட்டார். எனக்குப் பொறாமை இன்னும் முழுவதும் போகவில்லை. அதற்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

1983 நவம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை