உட்கார்ந்து பார்த்த தணிக்கை

அரசாங்கம் செலவழித்த பணம் சொன்ன இடத்துக்குத்தான் போனதா என்று பார்க்க அரசாங்கமே ஓர் அலுவலகம் வைத்திருக்கிறது. என் மனைவி அங்கே தணிக்கை அதிகாரி. வாங்கியதாக எழுதியிருக்கும் எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டாள். மின்விசிறி என்றால் சுற்ற வேண்டும், குழாய் என்றால் தண்ணீர் வர வேண்டும், நாற்காலி என்றால் அதில் அவள் உட்கார வேண்டும். என்னை மட்டும் எப்படிக் கணவன் என்று ஒப்புக்கொண்டாளோ தெரியவில்லை.

போகிற அலுவலகத்தில் ஒரு வாய் டீகூடக் குடிக்க மாட்டாள். சாப்பாட்டு டப்பா வீட்டிலிருந்தே போகும். "அவங்க டீயக் குடிச்சிட்டு அவங்களையே கேள்வி கேட்டா நாக்கு குழறும்" என்பாள்.

என் அம்மாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. "ஊரையே கேள்வி கேக்குறா. கேட்டு யாரையாவது உள்ள தள்ளுனாளா?"

"தள்ளுறது என் வேலை இல்ல அத்தை. பார்க்கணும், கேக்கணும், எழுதணும். அவங்க பதில் எழுதுவாங்க. அது சரியில்லன்னா மேல ஒரு குழு கூப்பிட்டு விசாரிக்கும்."

"அதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன்."

அம்மாவின் எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. முட்டி வலி. தினமும் நடந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு எதிரே பூங்கா. ஆனால் நடுவில் உட்கார அங்கே ஒரு பெஞ்சு கிடையாது. பாதிச் சுற்றில் மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். "ஒரு பெஞ்சு போடச் சொல்ல வக்கில்ல, இவ பெரிய அதிகாரி" என்று சொல்லி, ஒருநாள் நடப்பதையே நிறுத்திவிட்டாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சி மூன்று பூங்காக்களுக்குப் பெஞ்சு வாங்கிய கணக்கு மனைவியிடம் வந்தது. முதலில் பார்க்க வேண்டியது எங்கள் பூங்கா. முந்தின நாள் மாலை வரை வெறுந்தரை. காலையில் பார்த்தால் பச்சைப் பெயிண்ட் மினுமினுக்க வரிசையாகப் பெஞ்சுகள்! மனைவி ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து எழுந்தாள். எண்ணிக்கை சரி.

"அடுத்த பார்க்குக்குப் போகலாமா?"

"மொதல்ல சாப்பாடு மேடம்" என்றார் நகராட்சிப் பொறியாளர், பல்லெல்லாம் தெரிய. "ஹோட்டல்ல சொல்லி வெச்சிருக்கு. நிதானமா சாப்பிட்டுட்டுப் போகலாம்."

காலைப் பலகாரமே செரித்திருக்காது. போதாக்குறைக்கு பூங்கா வாசலில் ஒரு காலி லாரி வேறு. மனைவிக்கு விளங்கிவிட்டது. ஹோட்டல் வாசலில், "நீங்க போய்ச் சாப்பிடுங்க, எங்கிட்ட டப்பா இருக்கு" என்று காரிலேயே உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குப் போன் போட்டாள். அன்று எனக்கு விடுமுறை, போனை எடுத்தது நான்.

"அத்தைகிட்ட குடுங்க. அத்தை, பார்க்ல பெஞ்சு போட்டிருக்காங்க."

"நெஜமாவா?"

"போய் உட்காருங்க. உங்க கூட்டாளிங்களையும் கூட்டிக்கோங்க. நான் வர்ற வரைக்கும் யாரும் எழுந்திரிக்கக் கூடாது."

மருமகள் சொல்லி அம்மா மறுபேச்சில்லாமல் கேட்டது அதுவே முதல் தடவை.

நாங்கள் போனபோது லாரி ஆட்கள் முதல் பெஞ்சில் கை வைத்திருந்தார்கள். அம்மா நேராகப் போய் அதில் பொத்தென்று உட்கார்ந்தாள். கூட்டாளிகள் ஆளுக்கொரு பெஞ்சைப் பிடித்தார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் காலை நீட்டிப் படுத்தே விட்டார்.

"கொஞ்சம் எழுந்திருங்கம்மா. அடுத்த பார்க்குக்குக் கொண்டு போகணும்."

"முட்டி வலிப்பா. உட்கார்ந்தா எழுந்திருக்க வராது. வேணும்னா என்னையும் சேர்த்துத் தூக்கு."

லாரிக்காரர் அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். அம்மா அப்படியொன்றும் பூஞ்சை உடம்பு இல்லை. பொறியாளருக்குப் போன் போட்டார்.

பொறியாளருக்கு அதற்கப்புறம் சோறு தொண்டையில் இறங்கவில்லையாம். இரண்டாவது பூங்காவில் புல்தான் இருந்தது. மூன்றாவதில் புல்லும் இல்லை.

"பெஞ்செல்லாம் பெயிண்ட் அடிக்கப் போயிருக்கு மேடம்."

"ரெண்டு பார்க்லேர்ந்துமா? ஒரே நாள்லயா? அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

சாயங்காலம் மனைவி நேராக எங்கள் பூங்காவுக்கு வந்தாள். அம்மா அசையாமல் அதே பெஞ்சில் இருந்தாள். லாரி எப்போதோ போய்விட்டது.

"எழுந்திரிங்க அத்தை. எல்லாம் எழுதிட்டேன்."

"பதில் வந்துடுச்சா?"

"அதுக்கு மாசக்கணக்குல ஆகும்."

"அப்ப அதுவரைக்கும் நாங்க முறை வெச்சு உட்கார்ந்துக்குறோம். தெனம் நடந்தே வந்துடுவேன்." அம்மா சற்று நகர்ந்து இடம் விட்டாள். "நீயும் உட்காரு. காலைலேர்ந்து அலைஞ்சிருக்க."

இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மா உட்கார்ந்தபடியே பெஞ்சை ஒரு ஆட்டு ஆட்டினாள். "ஒரு கால் ஆடுது பாரு. காலைல உட்கார்ந்து பாத்தியாமே, இதக் கவனிச்சியா?"

"காலைல ஆடல அத்தை."

"நான் ஒருத்தி ஒருநாள் உட்கார்ந்ததுக்கே ஆடுதுன்னா, சரக்கு மட்டம். அதையும் எழுதிக்கோ."

மனைவி குனிந்து காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்தாள்.