பூமிப் பிளவும் கோமதியின் பின்சுவரும்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு ஏழு, உட்பிரிவு ஒன்று: மனு கிடைத்த முப்பது நாளுக்குள் தகவல் தர வேண்டும், இல்லையேல் காரணம் சொல்லி மறுக்க வேண்டும். எனக்கு இரண்டும் கிடைக்கவில்லை. ஆகவே ஜூலை மாதத்து ஒரு புதன்கிழமை இரவு எழும்பூரில் ரயிலேறினேன்.

தென்காசியிலிருந்து பாவூர்சத்திரம் போகும் வழியில் என் தங்கை கோமதியின் வீடு. அவளும் கணவரும் படுக்கும் பின்னறையின் சுவரில் தரையிலிருந்து ஜன்னல் வரை விரிசல். கூப்பிடு தூரத்தில் கல்குவாரி. மதியம் சங்கு ஊதி வெடி வைப்பார்கள். புகார் கொடுத்ததற்கு அதிகாரிகள் வாய்மொழியாக ஒரு விளக்கம் சொன்னார்கள்: குவாரிக்குச் சம்பந்தமில்லை, இந்தப் பக்கம் பூமிக்கடியில் பெரிய பிளவு ஓடுகிறது. எந்தப் பிளவு, எங்கே ஓடுகிறது, அதிர்வை யாராவது அளந்தார்களா என்று நான் மனுப் போட்டேன். அந்த அறையில் தொடர்ந்து படுக்கலாமா கூடாதா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியது. வெள்ளிக்கிழமை கூட்டு ஆய்வு என்று மட்டும் அறிவிப்பு வந்திருந்தது. அதற்குள் அந்தப் பிளவை நேரில் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

வியாழன் காலை தென்காசி, சாரலோடு. ரயில் முக்கால் மணி நேரம் தாமதம். அச்சன்கோவில் போய்த் திரும்ப வாடகைக் கார் 2,200 ரூபாய். டிரைவர் மாரியப்பன் ஐந்து கிலோமீட்டரில் இருக்கும் குற்றாலத்துக்குத் தானாகவே வண்டியைத் திருப்பினார். தடுத்தேன்.

“சீசன்ல குளிக்காம கல்லப் பாக்க வந்த மொத ஆளு நீங்கதான் சார்.”

பண்பொழி, மேக்கரை, கோட்டைவாசல் என்று மலை ஏறினோம். நிலவியலார் இதை அச்சன்கோவில் பிளவு மண்டலம் என்கிறார்கள். வடமேற்கே கேரளத்திலிருந்து தென்கிழக்காக நம் பக்கம் வரை நீள்கிறது. காலங்காலமாக மாட்டு வண்டியும் சபரிமலைக் கூட்டமும் இதன்மேல் போய்வந்தும் யார் கண்ணிலும் படவில்லை. செயற்கைக்கோள் படங்கள் வந்தபிறகுதான், மலைத்தொடரை யாரோ அடிமட்டம் வைத்துக் குறுக்கே கீறியதுபோல் ஒரு கோடு துலங்கியது.

“பிளவு, பிளவுங்கீங்களே சார், அது எங்கன இருக்கு?”

“இப்ப நீங்க ஓட்டுறதே அதுமேலதான்.”

பிரேக் போட்டார். “முன்னாலயே சொல்லப்பிடாதா? டயர் புதுசு சார்!”

சாலைக்காக வெட்டிய ஒரு பாறையைக் காட்டினேன். பரோட்டா மாவை இழுத்து மடித்ததுபோல் வரிவரியாக இருந்தது. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில், சூட்டில் இளகிய பாறைகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த தடம். நாம் நினைப்பதுபோல் வாய் பிளந்த பள்ளம் எதுவும் கிடையாது. இந்த வட்டாரத்தில் அவ்வப்போது சிறு நடுக்கம் உணரப்படுவதுண்டு; அதனால் பிளவின்மேல் பழியே வராது என்று நான் சாதிக்க மாட்டேன். சோதித்துப் பார்க்க எளிய முறை ஒன்று இருக்கிறது. விரிசலின் குறுக்கே கண்ணாடிச் சில்லைச் சிமெண்டில் பதித்துவிட வேண்டும். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். எப்போது உடைகிறது என்பதிலிருந்து காரணம் தெரியும். கோமதியிடம் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்: விரிசலைத் தொடாதே, கண்ணாடியை மட்டும் பதித்து வை.

மாலை நாலு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தால் பெயின்ட் வாசனை. பின்சுவர் பளிங்குபோல் மின்னிற்று.

“என்னட்டி இது?”

“அதிகாரிமாரு வாராவல்லா அண்ணே. சுவரு அசிங்கமா கெடந்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாவ?”

“பட்டி பாத்து ரெண்டு கோட்டு மச்சான்” என்றார் அவள் கணவர் இசக்கி, பெருமையாக.

“விரிசல் எங்கே மாப்பிள்ளை?”

“அதான் அடைச்சாச்சே!”

கதை அதோடு முடியவில்லை. வெள்ளிக்கிழமை வரவேண்டிய ஆய்வுக் குழு வியாழன் காலையே வந்துவிட்டுப் போயிருந்தது. ஜீப்பில் துண்டும் எண்ணெய்ப் புட்டியும் இருந்தனவாம், அடுத்துக் குற்றாலத்து ஐந்தருவி.

“சுவரு நல்லாத்தானே இருக்குன்னாவ. காப்பியும் முறுக்கும் குடுத்தேன்” என்றாள் கோமதி. தேதி மாற்றினால் மறு அறிவிப்பு தர வேண்டும் என்ற நடைமுறையை நான் யாரிடம் சொல்வது? முறுக்கிடமா?

மறுநாள் காலை முழுக்கப் பட்டியைச் சுரண்டினோம். கல்யாண வீட்டுக் கோலத்தை அழிப்பதுபோல் இசக்கி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். விரிசல் வெளியே வந்தது. மூன்று சில்லுகளைப் பதித்தேன். சனிக்கிழமை மதியம் சங்கு, வெடி, பாத்திரங்களின் கிணுகிணுப்பு. மேல் கண்ணாடி இரண்டாயிற்று. ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. திங்கள் மதியம் அடுத்ததும் போயிற்று.

“அம்பது கோடி வருசத்துப் பிளவுன்னியே அண்ணே, அதுக்கும் ஞாயித்துக்கிழம லீவா?”

கட்டிலை முன்னறைக்கு மாற்றச் சொன்னேன். “வாசல்ல போறவன் எல்லாம் நாங்க ஒறங்குதத பாக்கவா?” என்று தங்கை சண்டைக்கு வந்தாள். இசக்கி கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனையை நான் தூக்கினேன்.

புகைப்படங்களை இணைத்து முதல் மேல்முறையீட்டைத் தென்காசியிலேயே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அன்று மாலையே ரயிலேறினேன். சென்னையில் என் வீட்டுச் சுவரிலும் விரிசல் உண்டு. அங்கே பக்கத்து வீட்டுக்காரரின் ஆழ்துளைக் கிணற்றைத்தான் குற்றம் சொல்ல முடிகிறது. ஐம்பது கோடி ஆண்டுச் சாட்சிக்கெல்லாம் எங்களுக்கு வசதி போதாது.

ஐப்பசி அடைமழையில் ஒரு விடியற்காலை அந்தப் பின்சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது, முன்பு கட்டில் கிடந்த இடத்தின்மேல். அறையில் யாரும் இல்லை.

அதற்கும் பிறகுதான் என் மனுவுக்குப் பதிலாக ஒரு பக்கக் கடிதம் வந்தது. பிளவைப் பற்றியோ அதிர்வைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. “கூட்டு ஆய்வின்போது மேற்படி வீட்டின் பின்சுவரில் விரிசல் ஏதும் காணப்படவில்லை” என்றிருந்ததைக் கோமதிக்குப் போனில் வாசித்தேன்.

“சரியாத்தான எழுதியிருக்காவ” என்றாள். “சுவரு இருந்தாத்தான விரிசல் இருக்கும்?”

முப்பது நாளில் வரவேண்டிய கடிதம் கைக்கு வந்த நாள், நவம்பர் பதினெட்டு.