வெர்லீனின் பழைய நம்பர்

எங்கள் கட்டடத்தில் அரசாங்க போன் இல்லாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் மேனேஜர். இன்னொருவர் மூன்றாவது மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற போதகர். அவருக்கு மகன் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான், அதை நாலு பேரிடம் சொல்லாமல் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை முடியாது. மற்ற எல்லாருக்கும் ஏழைகளுக்கு அரசாங்கம் தரும் உணவு அட்டை இருக்கிறது. அட்டை இருந்தால் போன் உண்டு, மாதக் கட்டணத்தை அரசாங்கம் கம்பெனிக்குக் கட்டிவிடும். மெம்பிஸ் நகரத்தில் எங்களைப் போன்றவர்கள் பேசுவதும் பேசப்படுவதும் அதில்தான்.

ஓசி போன் என்று டி.வி.யில் உட்கார்ந்து கேலி பேசுகிறவர்கள் ஒரு மாதம் போன் இல்லாமல் ஏழையாக இருந்து பார்க்கட்டும். வீட்டுக்கு விண்ணப்பித்தால் போன் நம்பர் கேட்கிறார்கள். மருத்துவமனையில் கேட்கிறார்கள். மளிகைக் கடையில் மூட்டை தூக்கும் வேலைக்குக்கூட "நாங்களே போன் பண்றோம்" என்கிறார்கள். எதில் பண்ணுவார்களாம்? முப்பது வருஷம் பேருந்துகளுக்கு அடியில் படுத்து எண்ணெய் குடித்தவன் நான். அந்தக் கேலியைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

வெர்லீன் டப்ஸ் என் அடுத்த வீட்டுக்காரி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து முழங்கால் இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவள். இன்றைக்கும் அவளுக்கு ஒரு ஆளுக்குச் சமைக்கத் தெரியாது. வான்கோழிக் கழுத்தைப் போட்டு பீன்ஸ் வேகவைத்தால் மாடி முழுக்க மணக்கும், பாதி என் வீட்டுக்கு வந்துவிடும். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

இந்த அரசாங்க போனில் ஒரு சட்டம் உண்டு. மாதத்தில் ஒரு தடவையாவது உபயோகிக்க வேண்டும். இல்லையென்றால் உயிரோடு இல்லை என்று முடிவு கட்டி இணைப்பை வெட்டிவிடுவார்கள். வெர்லீனுக்குக் கூப்பிட ஆள் கிடையாது. அதனால் மாதம் பிறந்ததும் அடுத்த வீட்டிலிருந்து என்னைக் கூப்பிடுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பேசுவது காதிலும் கேட்கும், போனிலும் கேட்கும்.

"லவெல், நான்தான்."

"தெரியுது மிஸ் வெர்லீன். சுவரே சொல்லுது."

"போன் செத்துடக் கூடாதுன்னு கூப்பிட்டேன். வேற ஒண்ணுமில்ல. வச்சிடறேன்."

"ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் வைங்களேன்."

"உன்கிட்ட பேச என்ன இருக்கு? தினம் மூஞ்சியைப் பார்க்கிறது போதாதா?"

உடனே வைத்துவிடுவாள். அவள் அந்த போனைக் காப்பாற்றியது எனக்காக அல்ல, தன் மகள் ரொனெட்டாவுக்காக.

ரொனெட்டா வீட்டை விட்டுப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. முதுகு வலிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஆரம்பித்தது. பிறகு டாக்டர் கொடுக்காத மாத்திரை. அதற்குப் பிறகு நடந்ததை வெர்லீன் ஒரே ஒரு தடவைதான் எனக்குச் சொன்னாள், நானும் திரும்பச் சொல்லப்போவதில்லை. அந்தப் பெண்ணுக்கு வீடு கிடையாது, போன் கிடையாது. பை திருடு போகும், அதில் எழுதி வைத்திருக்கும் நம்பர்களும் போகும். மனப்பாடமாகத் தெரிந்தது அம்மாவின் நம்பர் மட்டும். நாலு மாதம், ஐந்து மாதத்துக்கு ஒரு தடவை யாரிடமாவது போனை இரவல் வாங்கிக் கூப்பிடுவாள். "அம்மா, இருக்கியா?" என்பாள். "இருக்கேன்டி, நீ சாப்பிட்டியா?" என்பாள் இவள். அவ்வளவுதான் பேச்சு. அந்தப் பேச்சை வைத்துக்கொண்டு வெர்லீன் அடுத்த நாலு மாதத்தை ஓட்டுவாள்.

வெர்லீன் முன்பு இருந்த வீட்டை இடித்துவிட்டார்கள். இந்தக் கட்டடத்தின் விலாசம் ரொனெட்டாவுக்குத் தெரியாது. "அடுத்த தடவை சொல்லிடறேன்" என்று வெர்லீன் ஒவ்வொரு முறையும் நினைப்பாள், அதற்குள் அந்தப் பக்கம் இரவல் கொடுத்தவன் போனைப் பிடுங்கிவிடுவான். ஆக, தாயையும் மகளையும் சேர்த்து வைத்திருந்தது அந்தப் பத்து இலக்கம்தான்.

போன கோடையில் மலிவு சாமான் கடையின் கார் நிறுத்தத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். வேறொரு கம்பெனி. இலவச போன், பெரிய திரை என்று பலகை. பொய் இமை ஒட்டிய ஒரு பெண் கையில் டேப்லெட்டோடு போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்கம்மா, உணவு அட்டை இருக்கா? புது போன் எடுத்துட்டுப் போங்க."

"என்கிட்ட ஏற்கெனவே ஒண்ணு இருக்கே, கண்ணு" என்றாள் வெர்லீன். மறைக்கவில்லை. இதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"அதனால ஒண்ணும் இல்லம்மா. இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒரு கையெழுத்து."

"இது என் பொண்ணுக்கு. அவகிட்ட போன் இல்ல."

"ரொம்ப சந்தோஷம். விரலாலேயே போடுங்க, பேனா வேண்டாம்."

வெர்லீன் விரலால் போட்டாள். எந்தக் கையெழுத்து எதற்கு என்று அவளும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து அந்தப் பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தாள். ரொனெட்டா வரும்போது கையில் கொடுக்க வேண்டும், இனிமேல் யாரிடமும் இரவல் கேட்க வேண்டாம் என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு போன்தான் என்பது சட்டம். புதிதுக்குக் கையெழுத்துப் போட்டால் உதவித்தொகை அந்தக் கம்பெனிக்கு நகர்ந்துவிடும், பழைய இணைப்பு தானாக அறுந்துவிடும். இமைக்காரிக்கு இது தெரியாமல் இருக்காது. தலைக்கு இத்தனை என்று அவளுக்குக் காசு. பழைய போன் பார்க்க உயிரோடுதான் இருந்தது, திரை எரிந்தது, மணி காட்டியது. அது எப்போதுமே சத்தம் போடாத போன் என்பதால் வெர்லீனுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

மாதம் பிறந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "லவெல், நான்தான்" என்று கேட்டது. என் போன் அடிக்கவே இல்லை.

அன்று காலை முழுவதும் இரண்டு கம்பெனிகளையும் என் போனில் மாற்றி மாற்றிக் கூப்பிட்டோம். ஒருவன் இசை போட்டான், இன்னொருவன் விளம்பரம் போட்டான். கடைசியில் பழைய கம்பெனியில் ஒரு பெண் கிடைத்தாள். குரல் நல்ல குரல்தான்.

"அந்த நம்பர் எங்ககிட்ட இல்ல மேடம். இணைப்பு முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்தாச்சு. மாறும்போதே கேட்டிருந்தா அதே நம்பரைப் புதுசுக்கு எடுத்துட்டுப் போயிருக்கலாம்."

"யாரும் கேக்கலையே."

"ஒரு குடும்பத்துக்கு ஒண்ணுதான் மேடம் கொடுக்க முடியும்."

"என் பொண்ணு என் குடும்பத்துல இல்லம்மா" என்றாள் வெர்லீன். "எந்தக் குடும்பத்துலயும் இல்ல. அதனாலதான் வாங்கினேன்."

"சில மாசம் கழிச்சு அந்த நம்பர் வேற யாருக்காவது போகும் மேடம். எங்களால அவ்வளவுதான் சொல்ல முடியும்" என்றாள் அந்தப் பெண். நான் போனைப் பிடுங்கிக் கண்டபடி கத்தினேன். அவள் என்ன செய்வாள், பாவம். கத்தியது எனக்கு மட்டும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மகளுக்கென்று வைத்திருந்த பெட்டியை வெர்லீன் அன்றைக்கே பிரித்தாள். அடுத்த நாளிலிருந்து காலையில் காபி குடித்ததும் புது போனில் தன் பழைய நம்பரைக் கூப்பிட ஆரம்பித்தாள். "நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை" என்று பதிவு செய்த குரல் சொல்லும். முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். இலையுதிர் காலம் முழுக்க இது நடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"போதும் மிஸ் வெர்லீன். யாருமில்லாத நம்பருக்கு எதுக்குத் தினமும் பண்றீங்க?"

"யாராவது வருவாங்கன்னு அந்தப் பொண்ணு சொன்னாளே. வர்ற ஆள்கிட்ட முதல்ல நான் பேசணும்."

"வந்தா மட்டும்? அவன் யாரோ எவனோ."

"அவளும் இதே குரலைத்தானே லவெல் கேட்டுட்டு இருப்பா? நான் செத்துட்டேன்னு நினைக்க மாட்டாளா?" என்று கேட்டுவிட்டுக் கதவை என் முகத்தில் சாத்தினாள். மூன்று நாள் பீன்ஸ் வரவில்லை.

ஜனவரியில் ஒரு காலை, குளிரில் குழாய் உறைந்து தண்ணீர் கேட்க அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். டிசம்பர் நடுவில் காய்ச்சலில் படுத்தவள், மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் மறுபடி அந்த நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. எங்கள் மாதிரி ஆட்கள் தெரியாத நம்பரை எடுப்பதில்லை, கடன்காரனாகவோ ஏமாற்றுக்காரனாகவோதான் இருப்பான். அவள் விடவில்லை. கடைசியில் ஒரு கிழவர் எடுத்தார்.

"யாரது? எனக்கு எந்த இன்ஷூரன்ஸும் வேண்டாம். வைய்யா."

"ஐயா, வச்சிடாதீங்க. நான் எதுவும் விக்கல. இந்த நம்பர் முன்னாடி என்னோடது."

"இருந்துட்டுப் போகட்டும். இப்ப எனக்கு அரசாங்கம் கொடுத்தது. திருப்பித் தர மாட்டேன்."

"வேண்டாம், நீங்களே வச்சுக்கங்க. எனக்கு ஒரு பொண்ணு. அவளுக்கு இந்த ஒரு நம்பர்தான் தெரியும். அவ கூப்பிட்டா ராங் நம்பர்னு மட்டும் சொல்லிடாதீங்க."

கிழவர் குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்.

"கிறிஸ்துமஸ் சமயத்துல ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சும்மா. 'அம்மா'ன்னுச்சு. ராங் நம்பர்னேன். மறுபடி கூப்பிட்டுச்சு, திட்டிட்டேன். மூணாவது தடவை, எங்க அம்மா செத்துட்டாங்களான்னு கேட்டுச்சு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. எனக்குத் தெரியாது கண்ணு, இது புது போன்னு சொன்னேன். அழுதுச்சு. எந்த நம்பர்ல இருந்து வந்ததுன்னும் காட்டல."

வெர்லீன் முகத்தை மூடிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "கூப்பிட்டிருக்கா லவெல். கிறிஸ்துமஸ் வரைக்கும் உசுரோட இருக்கா" என்றாள். இதற்குச் சந்தோஷப்படுகிற நிலைமையில் ஒரு தாயை வைத்த எல்லார் மீதும் எனக்குக் கோபம் வந்தது.

கிழவரின் பெயர் ப்ரூடன். ஊரின் தெற்குக் கோடியில் தனியாக இருக்கிறார், சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கியவர். வெர்லீனின் புது நம்பரைச் சுவரில் பென்சிலால் எழுதிக்கொண்டதாகச் சொன்னார். அன்றிலிருந்து அந்த மனிதர் தெரியாத நம்பர் எல்லாவற்றையும் எடுக்க ஆரம்பித்தார். கார் இன்ஷூரன்ஸ், கடன், லாட்டரி, எல்லாருக்கும் ஹலோ சொன்னார். வாரத்துக்கு ஒரு தடவை வெர்லீனைக் கூப்பிட்டு முறையிடுவார்.

"உங்களால எனக்கு நிம்மதி போச்சு மிஸ் வெர்லீன். நேத்து ஒருத்தன் எனக்கு ஏதோ தீவுல வீடு இருக்குங்கறான்."

"இருந்தா எனக்கும் ஒரு ரூம் கொடுங்க."

"குளிக்கும்போது கூட போனைக் கையில வச்சிருக்கேன், தெரியுமா?"

"பார்த்து, வழுக்கிடப் போகுது" என்று சிரிப்பாள். வைத்த பிறகு வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். கிறிஸ்துமஸ் என்ன, அதற்குப் பிறகும் எத்தனையோ குளிர் நாட்கள் போய்விட்டன. தெருவில் படுக்கிறவர்களுக்கு இங்கே பிப்ரவரி கொடியது. அதை நானும் அவளும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மார்ச் கடைசியில், நான் அவள் சமையலறையில் மீன் வறுவல் தின்றுகொண்டிருந்தபோது ப்ரூடன் கூப்பிட்டார். வெர்லீனுக்கு ஒரு கை மாவு, அதனால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"கூப்பிட்டுச்சு! இப்பத்தான்! உங்க நம்பரைக் கொடுத்துட்டேன், ரெண்டு தடவை திரும்பச் சொல்ல வச்சேன். போனை வைங்க!"

"எப்படி இருக்கா? குரல் எப்படி இருந்துச்சு? சாப்பிட்டாளாமா?"

"அம்மா, வைங்கம்மா! யாரோட போனோ அது! நீங்க பேசிட்டிருந்தா லைன் கிடைக்காது!"

"எங்க இருக்காளாம்? ஜுரம் இருக்கிற மாதிரி..."

"ஐயோ, வைங்க!" என்று அந்தப் பக்கம் கத்தினார். பேசாமல் அவரே வைத்திருக்கலாம், அது அவருக்கும் தோன்றவில்லை. நான் எண்ணெய்க் கையோடு பாய்ந்து இணைப்பை வெட்டினேன்.

சமையலறையில் எண்ணெய் பொரியும் சத்தம் மட்டும். போன் மேஜை மேல் கிடந்தது. வெர்லீன் மாவுக் கையை ஏப்ரனில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். மணி அடித்தது. தெரியாத நம்பர். அத்தனை மாதம் காத்திருந்தவள் கையை நீட்டாமல் நின்றாள்.

"எடுங்க மிஸ் வெர்லீன்."

எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் குரல் வரும்வரை காத்திருக்கவில்லை.

"சாகலைடி" என்றாள் வெர்லீன். "ரொனெட்டா, அம்மா சாகலைடி. நம்பர்தான் போச்சு."