படத்தின் கீழே இரண்டு ஆண்டுகள்

"பெயர்களைச் சரிபார்த்துப் போடவும். படங்களின் கீழே பெயர் மட்டும் போதும்."

எங்கள் நாடகக் குழுவின் இயக்குநர் எனக்கு எழுதிய குறிப்பு இது. 'புதன்' என்று மட்டும் போட்டிருக்கிறார். கிழமையைத்தான் எழுதுவார், தேதி எழுதும் வழக்கம் அவருக்கு இல்லை. ஆகஸ்ட் என்பதை நான் பிறகு பென்சிலால் சேர்த்தேன். குறிப்பை அன்றே படித்தேன். படித்தபடி செய்யவில்லை.

இயக்குநர் அயர்லாந்தின் மேற்குக் கரையில் பிறந்த பெண்மணி. இளம் வயதில் ஒரு நாடகக் கூட்டத்தோடு சிட்னிக்கு வந்தார். கூட்டம் திரும்பிப் போனது, இவர் தங்கிவிட்டார். பள்ளிகளில் பொம்மலாட்டம் காட்டினார். மெல்பேர்னுக்கு மாறியபின் ஐரிஷ் சங்கம் ஒன்றில் பாட்டும் வட்ட நடனமும் சொல்லிக்கொடுத்தார். அதன்பின் வடக்குப் புறநகர்களின் மண்டபங்களே அவருக்கு வாழ்க்கையாகின. தொழில்முறை நடிகர்களை அவர் அழைத்ததில்லை. தொழிற்சாலைப் பெண்கள், முதியோர் இல்லத்துக்காரர், படகில் வந்தவர்கள் ஆகியோரே அவருடைய நடிகர்கள். முன்கூட்டி எழுதிய நாடகம் எதுவும் இருக்காது. ஒவ்வொருவரும் தம் ஊர் வழக்கம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். அதன் பக்கத்தில் அவர் தம் ஊர் வழக்கம் ஒன்றை வைப்பார். இரண்டுக்கும் நடுவில் நாடகம் பிறக்கும் என்பார். பல தடவை பிறந்தது.

நான் பகலில் மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவில் வேலை செய்பவன், யாழ்ப்பாணத்தான். குழுவில் என் வேலை எழுதிவைப்பது: ஒத்திகை நாள், வந்தவர்கள், வராதவர்கள், மழையா வெயிலா. எனக்குக் 'கலண்டர்' என்று பெயர் வைத்தவர் இயக்குநர்தான். தமிழ்ப் பெண்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

அந்த ஆண்டு அவர் எடுத்துக்கொண்டது, அவர் ஊர்ப் பெண்கள் இறந்தவரைச் சுற்றியிருந்து பாடும் அழுகைப்பாட்டு. அதற்குப் பக்கத்தில் மன்னார்க் கத்தோலிக்கப் பெண்களின் ஒப்பாரி. நான்கு பெண்கள் ஆளுக்கொரு படம் கொண்டுவந்தார்கள். மூன்று படங்கள் செத்தவர்களுடையவை. நான்காவது, வடக்கே கிரெய்கிபர்ன் புறநகரில் இருந்ததால் நாங்கள் கிரெய்கிபர்ன் அன்ரி என்று கூப்பிடும் அம்மாவின் மகன். போரின் கடைசி மாதங்களில் காணாமற்போனவன். அவனைக் கடைசியாகக் கண்ட ஆண்டை அன்ரி எல்லோர் முன்னும் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.

பாட மட்டும் மறுத்துவிட்டார்.

"ஒப்பாரி வைக்கிறதெண்டால் பிள்ளை முன்னால கிடக்க வேணும், தம்பி. என்ர பிள்ளை எங்க கிடக்கிறான்? நீங்களே சொல்லுங்கோவன்."

இதை நான் ஆங்கிலத்தில் சொன்னபோது இயக்குநர் தம் ஊரிலும் அப்படித்தான் என்றார். உடலைக் கழுவி, உடுப்பு மாற்றிக் கிடத்திய பிறகே அழத் தொடங்கலாமாம். முந்தி அழுதால் பிசாசின் நாய்கள் விழித்து, போகும் உயிரை வழியில் மறிக்குமாம். அதை அன்ரிக்குத் தமிழில் சொன்னேன்.

"அப்ப அவவுக்கும் விளங்குது," என்றார் அன்ரி. "வெள்ளைக்காரி எண்டாலும் விசயம் தெரிஞ்ச மனுசி."

அன்ரி பாடமாட்டார், ஒரு கதிரையில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார் என்று முடிவானது. மற்ற மூவரும் பாடி முடித்தபின் அந்த மௌனம்தான் நாடகத்தின் கடைசிக் காட்சி. ஒத்திகைகளில் அதைப் பார்த்தவர்கள் இருமக்கூட இல்லை.

படங்களைப் பார்வையாளர்களுக்குக் கொடுக்கும் தாளில் அச்சிட வேண்டியிருந்தது. மூன்று படங்களின் கீழே பெயரோடு பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் சேர்த்தேன். பெயர் மட்டும் வெறுமையாகத் தெரிந்தது. நான்காவதில் பிறந்த ஆண்டைப் போட்டுக் கோடு இழுத்தேன். கோட்டுக்கு அப்பால் இடம் காலியாக இருந்தது. என் வேலையிடத்தில் அப்படி விட்ட பதிவு மேசைக்குத் திரும்பி வரும். கடைசியாகக் கண்ட ஆண்டை அங்கே எழுதினேன். பிழையான ஆண்டு அல்ல, இரண்டு தடவை சரிபார்த்தேன். என் கவனம் முழுக்க அந்த எண் சரியா என்பதிலேயே இருந்தது.

முதல் காட்சி சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு. அன்ரி நேரத்தோடு மகளுடன் வந்தார். வாசலில் ஒரு தாளை எடுத்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, ஆனால் பெயர்களைத் தமிழில் போட்டிருந்தோம். எண்களுக்கு மொழி வேண்டாம். தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்ததைக் கண்டேன். வாசித்தபின் மடித்தாரா, வாசிக்காமலே மடித்தாரா என்பதை அப்போது கவனிக்கவில்லை.

"ரீ குடிச்சிட்டுப் போங்கோ அன்ரி, இன்னும் நேரம் கிடக்கு," என்றேன்.

"வேண்டாம் தம்பி," என்றார்.

மூன்று பெண்களும் பாடி முடித்தார்கள். மௌனம் வரவேண்டிய இடத்தில் அன்ரி வாய் திறந்தார். மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் பிறந்த நாளிலிருந்து தொடங்கினார். குரல் முதலில் ஏறவில்லை. பிறகு ஏறியது. படத்தை மடியிலிருந்து எடுத்துத் தரையில் நீட்டி வைத்து, தலைமாட்டில் குந்தினார். சபை எழுந்து நின்றது. சிலர் கைதட்டினார்கள்.

திரை ஓரத்தில் என் பக்கத்தில் நின்ற இயக்குநர் கைதட்டவில்லை. எல்லோரும் போனபின் வாசல் மேசையிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் பிடித்தார்.

"இதை யார் போட்டது?"

"நான்."

"பெயர் மட்டும் என்று எழுதியிருந்தேன்."

"ஓம்."

தமிழில் வந்த அந்த ஓம் என்றால் ஆம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக் காட்சியை ரத்துச் செய்தார். அக்டோபரில் மண்டபத்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். அதன்பின் அவர் எதையும் மேடையேற்றவில்லை. போனில் ஒருமுறை மட்டும் பேசினார். தாள் அச்சுக்குப் போகுமுன் தாம் பார்த்திருக்க வேண்டும், இத்தனை வருடம் சனத்திடம் அவர்கள் வழக்கங்களைக் கேட்டுக் கேட்டு வாங்கிய தமக்கு, அந்த எண் ஒரு தாயை என்ன செய்யும் என்று தெரிந்திருக்க வேண்டும் என்றார். அதை நான் செய்தது என்றேன். இருவரும் செய்தது என்று சொல்லிப் போனை வைத்தார்.

கிரெய்கிபர்ன் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். கதவைத் திறந்த மகள், "ஷீ இஸ் ஃபைன், அங்கிள்," என்றாள். ஷூவைக் கழற்றும்போது மெதுவாக, "அம்மா இவ்வளவு காலமா அழேல்லை. இப்ப நிப்பாட்டுறா இல்லை," என்றாள்.

அன்ரி குசினியிலிருந்து தேநீரோடு வந்தார்.

"அன்ரி, அந்த ஆண்டை நான் போட்டிருக்கக் கூடாது."

"நீங்கள் என்ன செய்யிறது தம்பி. ஆரோ ஒராள் எழுதத்தானே வேணும்."

"அது காணாமற்போன ஆண்டு. செத்த ஆண்டில்லை."

"தேத்தண்ணி ஆறப்போகுது," என்றார்.

முன்பெல்லாம் மகனின் படம் வாசற்கதவைப் பார்த்தபடி இருக்கும். அன்று அந்தச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. படம் எங்கே என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் கத்தோலிக்கருக்கு இறந்தோரின் மாதம். அன்ரி வீட்டார் போகும் தேவாலயத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிப் பீடத்தருகே ஒரு பெட்டியில் போடுவார்கள். அந்த ஆண்டு அன்ரி மகனின் பெயரையும் எழுதிப் போட்டதாகக் குழுவில் இருந்த ஒருவர் எனக்குச் சொன்னார். அவர் நேரில் பார்த்தவரல்ல, வேறொருவர் சொல்லக் கேட்டவர். பெட்டியிலிருந்த தாள்களை நான் பார்க்கவில்லை. அன்ரியிடமோ மகளிடமோ கேட்கவும் இல்லை. இது இன்றுவரை உறுதிப்படுத்தப்படாத தகவல்.