ஞாயிற்றுக்கிழமை நோய்

என் அண்ணனுக்கு வந்த வலிக்கு அண்ணிதான் முதலில் பெயர் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை நோய். வாரம் முழுக்க அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் முன்னால் நிற்கிற மனுஷன், லீவு நாளில் மட்டும் பாயைவிட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தால் வேறு என்ன பெயர் வைப்பது? "கறி வாங்கினு வான்னு சொன்னா போதும், உங்கண்ணனுக்கு இடுப்பு புடிச்சிக்கும்" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். அண்ணனும் கூடவே சிரிப்பான்.

உண்மையில் வலி தினமும்தான் இருந்தது. விடியும்போது முதுகு பலகை மாதிரி விறைத்துக் கிடக்கும். ஒருக்களித்துப் புரண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துத்தான் எழுவான். சுடுதண்ணீரில் குளித்து, திருமுல்லைவாயில் ஸ்டேஷன் வரை நடந்து, கம்பெனியில் நாலு தடவை குனிந்து நிமிர்ந்தால் இடுப்பு இளகிவிடும். படுத்தால் வலி, உழைத்தால் வலி இல்லை. இப்படி ஒரு நோயை எங்கள் தெருவில் யார் நம்புவார்கள்? உழைத்து உழைத்து இடுப்பு போனவர்களைத்தான் எங்களுக்குத் தெரியும்.

அவன் டாக்டரிடம் போகாமல் இல்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். தெருமுனை கிளினிக்குக்கும் போனான், பெரிய ஆஸ்பத்திரிக்கும் போனான். எங்கே போனாலும் வரிசையில் நின்று அவன் முறை வருவதற்குள் உச்சிவெயில் வந்துவிடும், முதுகும் இளகியிருக்கும். டாக்டர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்பார்.

"இப்ப எப்படி இருக்கு?"

"இப்ப பரவால்ல சார்."

அவன் பொய் சொல்லவில்லை. கேட்டதும் இப்போதைப் பற்றி, சொன்னதும் இப்போதைப் பற்றி. அதில் கொஞ்சம் மரியாதையும் இருந்தது. இன்னும் வலிக்கிறது என்று சொன்னால், போன தடவை அவர் கொடுத்த மருந்தைக் குறை சொன்னதாகிவிடும் என்று நினைக்கிற ஆட்கள் நாங்கள். ஒரு ஊசி, நாலு மாத்திரை, வெயிட் தூக்காதீங்க என்று ஒரு வார்த்தை. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். சில தடவை நானும் கூடப் போவேன். ஒருமுறை வெளியே வந்ததும் கத்திவிட்டேன். "காலைல எயுந்துக்க முடியலன்னு சொல்ல வேண்டியதுதானே? வாயில இன்னா, கொழுக்கட்டையா?"

"அவர் அத்தக் கேக்கலியேம்மா" என்றான்.

வருஷங்கள் ஓடின. கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்ப அவனால் முடியவில்லை, ஆளே திரும்பினான். பிறகு முதுகு முன்பக்கமாக வளைய ஆரம்பித்தது. அண்ணி கேலியை எப்போது நிறுத்தினாள் என்று தெரியாது. ஒருநாள் சமையலறையில் வைத்து, "உங்கண்ணனுக்கு செருப்பு நான்தான் மாட்டி வுடுறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசியில் கண்தான் வழி காட்டியது. ஒரு கண் சிவந்து, வெளிச்சம் பட்டாலே கூசியது. பூந்தமல்லியில் ஒரு கண் டாக்டரிடம் போனான். அவர் கண்ணைப் பார்த்த கையோடு, அவன் உட்கார்ந்திருந்த விதத்தையும் பார்த்தார். இந்தக் கண்ணுக்கும் முதுகுக்கும் ஒரே காரணமாக இருக்கலாம் என்று சொல்லி, மூட்டுவாத டாக்டரிடம் அனுப்பினார். நானும் கூடப் போனேன்.

அந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே வேறு. "காலைல எழுந்துக்கும்போது எப்படி இருக்கும்?"

அண்ணன் பேசத் தொடங்கினான். பாய், ஜன்னல் கம்பி, சுடுதண்ணீர், ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும் சொன்னான். அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று இத்தனை வருஷமும் காத்திருந்திருக்கிறான்.

எக்ஸ்ரேயில் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே மூங்கில் கழி போலத் தெரிந்தன. "இனிமே மோசமாகாம பாத்துக்க மருந்து இருக்கு. ஆனா ஒட்டினதைப் பிரிக்க முடியாது" என்றார். பிறகு, உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டார். "ஆரம்பத்துலயே வந்திருந்தா நிமிர்ந்தே நடந்திருப்பீங்க. ஏன் இவ்ளோ நாள் வராம இருந்தீங்க?"

அண்ணனால் தலையைத் தூக்க முடியவில்லை. கண்களை மட்டும் உயர்த்தி அவரைப் பார்த்தான்.

"வராம இல்லம்மா" என்றான். "வந்துகினேதான் இருந்தேன்."